சகாரா, 2003: தடம் தெரிந்தவர்கள் காணாமல் போனது எப்படி?

2003ஆம் ஆண்டு பிப்ரவரி மாத இறுதிக்கும் ஏப்ரல் மாதத்துக்கும் இடைப்பட்ட சில வாரங்களில், அல்ஜீரியாவின் தென்கிழக்குப் பாலைவனத்தில் 32 ஐரோப்பியப் பயணிகள் அடுத்தடுத்துக் காணாமல் போனார்கள். அவர்கள் ஒரே குழுவாக வந்தவர்கள் அல்லர். பல சிறு குழுக்களாக, சொந்த ஜீப்புகளிலும் வேன்களிலும் மோட்டார் சைக்கிள்களிலும் தனித்தனியே வந்தவர்கள். பெரும்பாலோர் ஜெர்மானியர், ஆஸ்திரியர். மற்றவர்கள் சுவிட்சர்லாந்து, நெதர்லாந்து, சுவீடன் நாடுகளைச் சேர்ந்தவர்கள். பயண நிறுவனத்தின் ஏற்பாடோ உள்ளூர் வழிகாட்டியின் துணையோ இல்லாமல், ஜிபிஎஸ் கருவியையும் வரைபடத்தையும் அச்சில் வந்த வழித்தடக் குறிப்புகளையும் கொண்டே அந்தப் பாலைவனத்தில் பயணம் செய்யும் வழக்கம் அப்போது பரவலாகியிருந்தது.

ஆபத்தான நாடுகளில் தனியே பயணம் செய்வோர் வழிகாட்டி நூல்களை எந்த அளவுக்கு நம்பலாம் என்ற கேள்விக்கு இந்த நிகழ்வை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. பாலைவனத்தில் வண்டி ஓட்டப் பழகி, உதிரி பாகங்களும் போதிய தண்ணீரும் எரிபொருளும் ஏற்றிக்கொண்டு, படிக்க வேண்டியதைப் படித்துவிட்டு வரும் பயணிகளையே அந்தத் தடங்கள் ஈர்த்தன. அசட்டையாகப் போனவர்களுக்கு நேர்ந்த கதியென்றால் அதிலிருந்து கற்க அதிகம் இல்லை. ஆயத்தம் செய்துகொண்டு போகிறவர்களுக்கு அந்த ஆயத்தம் எந்த இடத்தில் கைவிட்டது என்பதைத்தான் கவனமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அமைதியாகத் தெரிந்த தெற்கு

1991 டிசம்பரில் அல்ஜீரியாவில் நடந்த தேர்தலின் முதல் சுற்றில் இஸ்லாமிய மீட்பு முன்னணி என்ற கட்சி முன்னிலை பெற்றதும், 1992 ஜனவரியில் ராணுவம் தலையிட்டு அடுத்த சுற்றை ரத்து செய்ய வைத்தது. அதைத் தொடர்ந்த உள்நாட்டுப் போர் அந்தப் பத்தாண்டு முழுவதும் நீடித்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதில் மாண்டதாகக் கணக்கிடுகிறார்கள். ஆனால் படுகொலைகளில் மிகப் பெரும்பகுதி வடக்கே, அல்ஜியர்ஸைச் சுற்றியுள்ள சமவெளியிலும் கடற்கரையை ஒட்டிய மலைகளிலும் நடந்தவை. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் தெற்கே கிடக்கும் தமன்ராசெத், ஜானெத் போன்ற ஊர்கள் அந்த வன்முறைக்கு ஏறக்குறைய வெளியே இருந்தன. 2000ஐ ஒட்டி வடக்கில் போர் தணியத் தொடங்கியபோது, பாலைவனப் பயணிகள் தெற்குக்குத் திரும்பினார்கள். 1982இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த தாசிலி நஜ்ஜேர் மேட்டுநிலத்தின் பாறை ஓவியங்களும், அதற்கு வடக்கே பரந்து கிடக்கும் மணற்கடல்களும் அவர்களை அழைத்தன.

அதே காலத்தில் இன்னொரு மாற்றம் நிகழ்ந்தது. அதுவரை குடிமக்களுக்கான ஜிபிஎஸ் சமிக்ஞையை அமெரிக்க அரசு வேண்டுமென்றே மங்கலாக்கி வைத்திருந்தது. கருவி காட்டும் இடத்துக்கும் உண்மையான இடத்துக்கும் நூறு மீட்டர் வரை வேறுபாடு இருக்கலாம். 2000 மே மாதத் தொடக்கத்தில் அந்தக் கட்டுப்பாடு நீக்கப்பட்டதும் துல்லியம் பத்து, இருபது மீட்டருக்குள் வந்துவிட்டது. வழித்தட நூல்கள் இதை உடனே பயன்படுத்திக்கொண்டன. ஜெர்மன், பிரெஞ்சு, ஆங்கில மொழிகளில் சகாராவுக்கென்றே தனி நூல்கள் இருந்தன. பாலைவனத் தடங்களைக் கிலோமீட்டர் கிலோமீட்டராக அவை விவரித்தன.

அந்த விவரிப்பு எப்படி இருக்கும் என்பதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதன் வசீகரம் அதன் நுணுக்கத்தில்தான் இருக்கிறது. பக்கத்தின் இடது ஓரத்தில், தடம் தொடங்கிய இடத்திலிருந்து கடந்த மொத்தத் தூரம். அதற்கு எதிரே அட்சரேகையும் தீர்க்கரேகையும். அதன் பக்கத்தில், அந்த இடத்தில் கண்ணுக்குத் தெரிய வேண்டிய அடையாளம்: கல் குவித்த மேடு, துருப்பிடித்த எண்ணெய்ப் பீப்பாய், தனித்து நிற்கும் ஒரு வேலமரம், தடம் இரண்டாகப் பிரியும் மணல்திட்டு. கிணறு இருந்தால் அதன் ஆழமும், தண்ணீர் குடிக்க ஏற்றதா என்பதும். எந்த இடத்தில் டயரின் காற்றைக் குறைக்க வேண்டும், எங்கே கூர்மையான கற்கள் வரும், எங்கே இரவு தங்க ஒதுக்குப்புறம் கிடைக்கும் என்பதும்கூட. இப்படி ஒரு பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓட்டுகிறவருக்கு, நூல் சொன்ன பீப்பாய் நூல் சொன்ன கிலோமீட்டரிலேயே எதிர்ப்படும்போது, அதை எழுதியவர் மீது நம்பிக்கை கூடாமல் இருக்க முடியாது. நாள் முழுக்க அது இருபது, முப்பது முறை மெய்ப்பிக்கப்படுகிறது.

உவார்க்லா, இல்லிஸி, ஜானெத் ஆகிய ஊர்களுக்கு இடைப்பட்ட பரப்பில் அப்படிப்பட்ட பல தடங்கள் ஓடின. அவற்றுள் பேர்பெற்ற ஒன்றை, அதன் ஓரத்தில் பழைய கல்லறைகள் இருப்பதால், பயணிகள் கல்லறைத் தடம் என்று அழைத்தார்கள். 2003இல் காணாமல் போனவர்களில் பலர் அந்தத் தடத்திலும் அதைச் சூழ்ந்த பகுதியிலுமே பிடிபட்டார்கள்.

நடந்தது

முதல் குழுக்கள் பிப்ரவரி இறுதி வாரத்தில் தொடர்பிழந்தன. தனியே பயணம் செய்கிறவர்களை இன்ன தேதியில் இன்ன இடத்தில் யாரும் எதிர்பார்ப்பதில்லை. ஆகவே ஊரில் இருந்த உறவினர்கள், சொன்ன நாளில் கப்பலேறி வரவில்லை என்ற பிறகே கவலைப்படத் தொடங்கினார்கள். வண்டி பழுதாகியிருக்கலாம், மணலில் சிக்கியிருக்கலாம், தடம் தவறியிருக்கலாம் என்பவையே முதலில் எழுந்த ஊகங்கள். பாலைவனத்தில் அவைதான் வழக்கமான விபத்துகள். இந்த இடைவெளியில், மார்ச் மாதத்திலும் அதற்குப் பின்னரும், வேறு பயணிகள் அதே பகுதிக்குள் நுழைந்துகொண்டிருந்தார்கள். முன்னால் போனவர்கள் திரும்பவில்லை என்ற செய்தி அவர்களில் சிலரை எட்டவே இல்லை.

கடத்தியவர்கள், 1998இல் உருவான சலாஃபிப் போதனை மற்றும் போராட்டக் குழு என்ற இஸ்லாமிய ஆயுத அமைப்பைச் சேர்ந்தவர்கள். தலைமை தாங்கியவர் அமாரி சைஃபி. அல்ஜீரிய ராணுவத்தின் பாராசூட் படையில் முன்பு இருந்ததால் எல் பாரா என்று அறியப்பட்டவர். பிடிபட்டவர்கள் இரண்டு பெருங்குழுக்களாகப் பிரித்து வைக்கப்பட்டார்கள். 17 பேர் கொண்ட ஒரு குழுவை 2003 மே 13 அன்று அல்ஜீரிய ராணுவம் மீட்டது. மீதி 15 பேரைக் கடத்தல்காரர்கள் கோடை வெயிலில் பாலைவனத்தின் குறுக்கே தெற்கு நோக்கி நடத்தியும் வண்டியில் ஏற்றியும் மாலி நாட்டின் வடபகுதிக்குக் கொண்டுசென்றார்கள். அவர்களில் ஒரு ஜெர்மானியப் பெண் வெப்பத்தாக்கத்தால் இறந்தார். எஞ்சிய 14 பேர், ஆகஸ்ட் 18 அன்று, ஏறக்குறைய ஆறு மாதச் சிறைக்குப் பிறகு விடுவிக்கப்பட்டார்கள். பெருந்தொகை ஒன்று மீட்புப் பணமாகக் கைமாறியதாக ஐரோப்பியச் செய்தித்தாள்கள் எழுதின. விடுதலைக்கு இடைநின்று பேசியவர்களில், சகாராவில் வாழும் துவாரெக் இனத்தின் தலைவர் இயாத் அக் காலியும் ஒருவர். அவர் பெயர் இந்த ஆய்வில் மீண்டும் வரும்.

நூலின் துல்லியமும் அதன் மௌனமும்

வழிகாட்டி நூல் பழையதாகிவிடும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆசிரியர் களத்தில் நடந்த நாளுக்கும் நூல் கடைக்கு வரும் நாளுக்கும் இடையே ஓராண்டு போய்விடலாம். அடுத்த பதிப்புக்கு மேலும் சில ஆண்டுகள் ஆகும். வாசகர் அதைக் கையில் எடுத்துக்கொண்டு புறப்படும்போது உள்ளே இருக்கும் செய்தி நான்கைந்து ஆண்டு பழையதாகக்கூட இருக்கலாம். இதற்குப் பேருதாரணம் 1970களின் ஆசிய நெடுவழி. இஸ்தான்புல்லிலிருந்து டெஹ்ரான், காபூல், லாகூர், டெல்லி வழியாகக் காத்மாண்டு வரை செல்லும் அந்தத் தரைவழியை இளம் பயணிகளுக்கான நூல்கள் விரிவாக எழுதியிருந்தன. 1979இல் ஈரானில் புரட்சி. அதே ஆண்டு டிசம்பரில் ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படைகள். ஒரே ஆண்டுக்குள் அந்த நெடுவழி அறுந்துபோனது.

ஆனால் சகாராவில் 2003இல் நடந்ததை, நூல் பழையதாகிவிட்டது என்ற ஒரே காரணத்தால் விளக்கிவிட முடியாது. அந்த நூல்களின் தடக்குறிப்புகள் பழையவை அல்ல. கிணறுகள் இருந்த இடத்தில் இருந்தன, தூரங்கள் சரியாக இருந்தன. சிக்கல் அங்கேயே தொடங்குகிறது. எந்தப் பயண நூலிலும் இரண்டு வகைச் செய்திகள் அடுத்தடுத்து அச்சாகின்றன. நிலத்தின் சரிவு, கிணற்றின் ஆழம், ஊர்களுக்கு இடையே உள்ள தூரம், ஒரு சமூகத்தின் வணக்க முறை, ஓர் ஓவியத்தின் காலம் ஆகியவை மெதுவாக மாறுபவை அல்லது மாறாதவை. இந்தச் சாலை இப்போது யார் கையில் இருக்கிறது, அந்த மலைக்குப் பின்னால் எந்தக் கும்பல் முகாமிட்டிருக்கிறது, இந்தச் சோதனைச் சாவடியில் நிற்பவர் சிப்பாயா சீருடை போட்ட வேறொருவரா என்பவை வாரத்துக்கு வாரம், சில இடங்களில் மணிக்கு மணி மாறுபவை. இரண்டும் ஒரே எழுத்துருவில், ஒரே குரலில், ஒரே ஆசிரியரின் பெயரால் வாசகரை அடைகின்றன. முதல் வகைச் செய்தி இருபது முறை சரியாக இருந்ததைக் கண்ட மனம், அதே நம்பிக்கையைக் கேட்காமலே இரண்டாவதற்கும் நீட்டிவிடுகிறது. தெற்கு அமைதியாக இருக்கிறது என்ற வாக்கியம், கிணறு இருபது மீட்டர் ஆழம் என்ற வாக்கியத்தின் நிழலில் நின்று உண்மையாகத் தோன்றுகிறது.

அடுத்த காரணத்தை நான் இன்னும் முக்கியமானதாகக் கருதுகிறேன். ஜிபிஎஸ் கருவியும் நூலும் சேர்ந்து, உள்ளூர் வழிகாட்டியைத் தேவையற்றவராக்கின. பயணிகளின் பார்வையில் அவர் வழி காட்டுபவர்; வழியைக் கருவியே காட்டும்போது அவருக்கு ஏன் பணம் தர வேண்டும், வண்டியில் ஏன் இடம் தர வேண்டும் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் ஒரு துவாரெக் வழிகாட்டி செய்துகொண்டிருந்த வேலையில் வழி காட்டுவது சிறு பங்குதான். அவர் கிணற்றடியில் ஒட்டகம் மேய்ப்பவரைச் சந்தித்தால், முதலில் நலம் விசாரிப்பார். குடும்பம், கால்நடை, மழை என்று விசாரிப்பு நீளும். அதன் நடுவே இரண்டு நாளாக மேற்கே யாருடைய வண்டிகள் போகின்றன என்பதும் வந்துவிடும். மணலில் பதிந்த டயர்த் தடத்தைப் பார்த்து அது கள்ளக்கடத்தல்காரர்களின் வண்டியா, ராணுவ வண்டியா, பயணிகளுடையதா என்று அவரால் பெரும்பாலும் சொல்ல முடியும். அவருக்கு அந்த ஊரில் உறவினர்கள் இருக்கிறார்கள், அடுத்த ஊரில் மைத்துனர் இருக்கிறார், ஆபத்து என்றால் அவருக்குச் சேதி வரும், வராவிட்டாலும் அவரை அனுப்பிய நிறுவனத்துக்கு வரும். பயணி அவரை விட்டுவிட்டுப் புறப்பட்டபோது, வழியை இழக்கவில்லை. அன்றாடச் செய்தி வந்துசேரும் ஒரே வாய்க்காலை இழந்தார்.

மூன்றாவதாக, நூல் எல்லோரையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தியது. சகாரா பரந்தது, அங்கே ஒரு சிறு குழுவைத் தேடிப் பிடிப்பது எளிதல்ல. ஆனால் அத்தனை பேரும் அதே நூல்களைப் படித்து, அதே ஆயத்தொலைவுகளைக் கருவியில் ஏற்றி, அக்டோபர் முதல் ஏப்ரல் வரையிலான அதே பருவத்தில், அதே தங்குமிடங்களில் இரவைக் கழித்தால், பிடிக்க வருபவருக்குத் தேட வேண்டிய வேலையே இல்லை. தடத்தின் ஓரிடத்தில் காத்திருந்தால் போதும். தன்னந்தனியே, யாரும் போகாத பாதையில் போகிறோம் என்ற உணர்வோடு வந்தவர்கள், உண்மையில் ஒரு நெரிசலான சாலையில்தான் போய்க்கொண்டிருந்தார்கள். அந்தச் சாலையை அமைத்தது அச்சு.

அரசுகளின் எச்சரிக்கை எங்கே போயிற்று என்று கேட்கலாம். 1990கள் முழுவதும் மேற்கு நாட்டு அரசுகள் அல்ஜீரியப் பயணம் குறித்து எச்சரித்து வந்தன. அந்த எச்சரிக்கைகள் நாடு தழுவிய மொத்தச் சொற்களாக இருந்ததே அவற்றின் பலவீனம். போர் வடக்கில், நாம் போவதோ தெற்குக்கு என்று பாலைவனப் பயணிகள் அவற்றை ஒதுக்கிவைத்தார்கள். சில ஆண்டுகள் அந்தக் கணிப்பு சரியாகவே இருந்தது. எல்லா இடத்துக்கும் ஒரே குரலில் அபாயம் என்று கூறும் அறிவிப்பு, எந்த இடத்தில் அபாயம் என்று சொல்வதில்லை. நுணுக்கமாகப் பேசும் நூலுக்கும் பொத்தாம்பொதுவாகப் பேசும் அரசுக்கும் இடையே, வாசகர் நுணுக்கத்தின் பக்கம் சாய்ந்தார். இதில் அவரை மட்டும் குறைசொல்வது நியாயமில்லை.

தடம் மாறிய பயணிகள்

2003க்குப் பிறகு அல்ஜீரியா, பாலைவனத்துக்குச் செல்லும் அயல்நாட்டுப் பயணிகள் உரிமம் பெற்ற உள்ளூர் நிறுவனத்தின் துணையோடுதான் செல்ல வேண்டும் என்ற விதியைக் கொண்டுவந்தது. தனிப்பயணிகள் அருகிலிருந்த நாடுகளுக்கு நகர்ந்தார்கள்: துனிசியாவின் தெற்கு, மொரிட்டானியா, மாலி. ஆபத்தும் அவர்களைப் பின்தொடர்ந்தது. கடத்தல் குழு 2007 ஜனவரியில் இஸ்லாமிய மக்ரெப்பின் அல்காய்தா என்று பெயர் மாற்றிக்கொண்டது. 2003இல் கிடைத்த பணமும் அனுபவமும் அதற்கு ஒரு தொழிலைக் கற்றுக்கொடுத்திருந்தன.

மொரிட்டானியா அந்நாளில் நல்ல பெயருள்ள நாடு. அங்கே பயணிக்கும் முறையில் வழிகாட்டி நூல்கள் மிகப் பயனுள்ள ஓர் அறிவுரையைக் கூறின, இன்றும் கூறுகின்றன. பெயர், பிறந்த தேதி, கடவுச்சீட்டு எண், தொழில், வண்டி எண், எங்கிருந்து எங்கே போகிறோம் என்பவற்றை ஒரு தாளில் அச்சிட்டு, பல நகல்களை வைத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு சாவடியிலும் ஒரு தாளை நீட்டினால், காவலர் உட்கார்ந்து கடவுச்சீட்டைப் பார்த்துக் கையால் எழுதும் அரைமணி நேரம் மிச்சமாகும். தவிரவும், எந்தச் சாவடி வரை பயணி வந்தார் என்பதற்கு அந்தத் தாளே சாட்சியாக நிற்கும். நூல் எதில் வல்லது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தோன்றவில்லை. அதே நாட்டில்தான் 2007 டிசம்பர் 24 அன்று, தலைநகரிலிருந்து கிழக்கே செல்லும் தார்ச் சாலையில், அலெக் என்ற ஊருக்கு அருகே சாலையோரம் நின்றிருந்த நான்கு பிரெஞ்சுப் பயணிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அடுத்த மாதம் லிஸ்பனிலிருந்து புறப்பட்டு மொரிட்டானியா வழியே செல்ல இருந்த தாக்கர் கார்ப் பந்தயம் தொடங்குவதற்கு முந்தைய நாள் ரத்து செய்யப்பட்டது. 2009 முதல் 2019 வரை அது தென் அமெரிக்காவில் நடந்தது. 2008 பிப்ரவரியில் துனிசியாவின் தெற்கே இரண்டு ஆஸ்திரியப் பயணிகள் பிடிக்கப்பட்டு, மாலிக்குக் கடத்தப்பட்டு, அக்டோபர் இறுதியில்தான் விடுதலையானார்கள்.

மாலியில் நடந்தது இன்னும் கசப்பானது. திம்புக்து, எட்டாத் தொலைவு என்ற பொருளில் பல மொழிகளில் வழங்கும் பெயர். அதன் மண்ணாலான மசூதிகளும் கையெழுத்துச் சுவடிகளும் எந்த மேற்கு ஆப்பிரிக்க வழிகாட்டி நூலிலும் தவறாமல் இடம்பெறுபவை. 2001இல் தொடங்கிய பாலைவன இசைவிழா ஆண்டுதோறும் அயல்நாட்டவரை அங்கே வரவழைத்தது. திம்புக்துவுக்கு மேற்கே எஸ்ஸகானே என்ற மணல்மேட்டில் நடந்துவந்த அந்த விழா, 2010இல் பாதுகாப்புக் கருதி நகரத்தின் விளிம்புக்கு மாற்றப்பட்டது. இந்த இடமாற்றம் ஒரு செய்தி. உள்ளூரில் இருந்தவர்களுக்கு அதன் பொருள் விளங்கியது. நூலில் எஸ்ஸகானேயின் மணலழகைப் படித்துக்கொண்டிருந்தவருக்கு அது ஒரு நிரல் மாற்றமாக மட்டுமே தெரிந்திருக்கும். அதற்கு முந்தைய ஆண்டு, 2009 ஜனவரியில், மாலி–நைஜர் எல்லையோரம் இன்னொரு பண்பாட்டு விழாவிலிருந்து திரும்பிய நான்கு ஐரோப்பியர்கள் கடத்தப்பட்டு, அவர்களில் ஒரு பிரிட்டானியர் கொல்லப்பட்டிருந்தார்.

2011 நவம்பர் 25 அன்று, பட்டப்பகலில், திம்புக்து நகரத்துக்குள்ளேயே ஒரு விருந்தினர் இல்லத்தில் ஆயுதக் கும்பல் புகுந்தது. வண்டியில் ஏற மறுத்த ஒரு ஜெர்மானியர் அங்கேயே சுட்டுக் கொல்லப்பட்டார். மூவர் கொண்டுசெல்லப்பட்டார்கள். அவர்களில் ஒருவரைப் பிரெஞ்சுப் படை 2015 ஏப்ரலில் மீட்டது. மற்ற இருவர் 2017இல், ஐந்தரை ஆண்டுகளுக்கும் மேலான சிறைக்குப் பிறகு வெளியே வந்தார்கள். அந்தத் தாக்குதல் நடந்து ஆறு மாதம் ஆவதற்குள், 2012 ஏப்ரல் தொடக்கத்தில், நகரமே கிளர்ச்சியாளர் கைக்குப் போனது. விரைவில் அதைத் தன் ஆதிக்கத்துக்குள் கொண்டுவந்த அன்சார் தின் அமைப்பின் தலைவர், 2003இல் பணயக் கைதிகளின் விடுதலைக்கு இடைநின்று பேசிய அதே இயாத் அக் காலி. ஒரு நாட்டில் யார் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பது ஒன்பது ஆண்டுகளில் இவ்வளவு புரளும்போது, ஆண்டுக்கணக்கில் பழையதாகிப்போன பதிப்பு ஒன்று அதை எப்படிப் பின்தொடர முடியும்?

வழிகாட்டி உடன் இருந்தால்?

இதுவரை சொன்னதிலிருந்து, உள்ளூர் வழிகாட்டியை அமர்த்திக்கொண்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம். அதே 2003ஆம் ஆண்டு செப்டம்பர் 12 அன்று, கொலம்பியாவின் சியர்ரா நெவாடா மலையில், சியூதாத் பெர்திதா என்ற தொல்நகரத்துக்கு மலையேறிச் சென்ற எட்டு அயல்நாட்டுப் பயணிகளை ஈஎல்என் என்ற இடதுசாரிக் கிளர்ச்சிப் படையின் கெரில்லாக்கள் கடத்தினார்கள். அவர்கள் தனியே போனவர்கள் அல்லர். வழிகாட்டிகளோடு, பல ஆண்டுகளாகப் பயணிகள் நடந்து தேய்ந்த பாதையில் போனவர்கள். ஒருவர் தப்பினார், மற்றவர்கள் நவம்பரிலும் டிசம்பரிலும் விடுவிக்கப்பட்டார்கள். வழிகாட்டியும் எல்லோரும் போகும் பாதையை நம்பினால், அவரும் நூலைப் போலவே ஆகிவிடுகிறார். அவரிடம் கேட்க வேண்டியது வழி தெரியுமா என்பதல்ல, இந்த வாரம் யாரிடம் பேசினீர்கள் என்பதுதான்.

அந்த நிகழ்வுக்கு ஒரு நீண்ட வாலும் உண்டு. விடுதலையான ஜெர்மானியப் பெண்ணை மலையிலிருந்து இறக்கிய ஹெலிகாப்டருக்கான செலவு 12,640 யூரோவை ஜெர்மன் அரசு அவரிடம் கேட்டது. வழக்கு பல ஆண்டுகள் நடந்து, 2009இல் கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் அவர் செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. பெரும்பாலான பயணக் காப்பீடுகளும், அரசு போகவேண்டாம் என்று அறிவித்த பகுதியில் நேரும் இழப்பை ஏற்பதில்லை. வழிகாட்டி நூல் ஒரு பகுதியை எவ்வளவு புகழ்ந்திருந்தாலும் காப்பீட்டு நிறுவனம் பார்ப்பது அரசின் அறிவிப்பை மட்டுமே. புறப்படுமுன் காப்பீட்டு ஒப்பந்தத்தில் அந்தப் பிரிவைத் தேடிப் படிக்காதவர்கள் ஏராளம்.

நூலை எந்த இடத்தில் வைப்பது

நூலைத் தூக்கி எறியச் சொல்வது என் நோக்கமல்ல; அது பெரும் இழப்பாகும். ஒரு நிலத்தின் வரலாற்றையும் அங்கு வாழும் மக்களின் நடைமுறைகளையும் தண்ணீர் கிடைக்கும் இடங்களையும் தெரிந்துகொண்டு போகிறவர் நல்ல விருந்தினர். ஒன்றும் தெரியாமல் இறங்குகிறவர் தனக்கும் ஊராருக்கும் சுமை. இன்று நூலின் இடத்தைக் கைபேசிச் செயலிகள் பெருமளவு பிடித்துக்கொண்டன என்றாலும், நான் மேலே கூறிய எதுவும் அதனால் மாறவில்லை. செயலியில் பதிவேற்றிய தடமும் எல்லோரையும் ஒரே புள்ளியில் நிறுத்துகிறது. மூன்று ஆண்டுகளுக்கு முன்பு ஒருவர் எழுதிய பாராட்டு, நேற்று எழுதியது போலவே திரையில் தோன்றுகிறது.

வாசிக்கும்போதே பிரித்து வாசிப்பதுதான் செய்யத் தக்கது. மாறாதவற்றுக்கு நூல், மாறுபவற்றுக்கு, இன்று அந்தச் சாலையில் வந்த மனிதர்கள். எதிர்த்திசையிலிருந்து வந்து இறங்கும் லாரி ஓட்டுநரிடம், வழி எப்படி என்று பொதுவாகக் கேட்டால் நல்லது என்ற பதிலே வரும். எத்தனை சாவடிகள் இருந்தன, நேற்று இரவு எங்கே தங்கினீர்கள், இருட்டிய பிறகு ஓட்டினீர்களா என்று கேட்டால் பயன்படும் பதில் கிடைக்கும். வழக்கமாக இரவில் ஓடும் பேருந்து பகலுக்கு மாறியிருந்தால், சந்தை நாளில் பக்கத்து ஊர்க்காரர்கள் வரவில்லை என்றால், பல ஆண்டுகளாக ஒரே இடத்தில் நடந்த விழா இடம் மாறியிருந்தால், அவற்றுக்குக் காரணம் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் அடுத்த அடி வைக்கக்கூடாது. அரசின் எச்சரிக்கையைப் படிக்கும்போது அபாய அளவைக் காட்டும் வண்ணத்தைப் பார்த்து நிறுத்திவிடாமல், சென்ற மாதம் இருந்த வாசகத்துக்கும் இந்த மாத வாசகத்துக்கும் என்ன வேறுபாடு என்று ஒப்பிட வேண்டும். ஒரு மாவட்டத்தின் பெயர் புதிதாகச் சேர்ந்திருந்தால், அதுவே செய்தி. எந்த நிலை வந்தால் திரும்புவது என்பதை ஊரில் இருக்கும்போதே எழுதிவைத்துக்கொள்வது நல்லது. ஆயிரம் கிலோமீட்டர் வந்த பிறகு எடுக்கும் முடிவில், வந்த தூரம் குறுக்கே நிற்கும். எந்த நாளில் எந்த ஊரிலிருந்து பேசுவேன் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லி, அந்தப் பேச்சு இரண்டு நாள் தாமதமானால் அவர் யாரை அழைக்க வேண்டும் என்பதையும் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். 2003இல் முதல் குழுக்கள் காணாமல் போனதற்கும் தேடல் தொடங்கியதற்கும் இடையே கழிந்த நாட்களைக் குறைக்கக்கூடிய ஏற்பாடு அதுவாகத்தான் இருந்திருக்கும்.

பதிப்பாளர்களுக்கும் இதில் கடமை உண்டு. ஒரு தடம் ஆபத்தானது என்று தெரிந்ததும் அடுத்த பதிப்பில் அதை நீக்கிவிடுகிறார்கள். ஆனால் விற்ற பிரதிகளைத் திரும்பப் பெற முடியாது. அவை விடுதி அலமாரிகளிலும் பழைய புத்தகக் கடைகளிலும் பல ஆண்டுகள் கைமாறிக்கொண்டிருக்கின்றன. நூலின் முதல் பக்கத்தில் பதிப்பு ஆண்டைப் போடுவதோடு நின்றுவிடாமல், ஒவ்வொரு தடக்குறிப்பின் தலைப்பிலும் ஆசிரியர் அந்தத் தடத்தில் கடைசியாக எந்த மாதம், எந்த ஆண்டு நேரில் சென்றார் என்பதை அச்சிட வேண்டும். தாம் செல்லாமல் பிறர் சொல்லக் கேட்டு எழுதிய பகுதியென்றால் அதையும் அங்கேயே குறிப்பிட வேண்டும். பாதுகாப்பைப் பற்றிய வரிகளைத் தடக்குறிப்போடு கலக்காமல், வேறு எழுத்துருவில், தேதியிட்டுத் தனியே போட வேண்டும். இதற்கு ஆகும் கூடுதல் செலவு ஒரு பக்கத்துக்கு ஒரு வரி மையைத் தாண்டாது.